ஸ்டிக்கர் விழாத எபிசோட்

ஆயத்த ஆடை ஆலையில் கடைசிப் பரிசோதனை மேசை செக்கரம்மாவுடையது. தைத்து முடித்து, பிசிறு நூல் வெட்டி, இஸ்திரிக்குப் போகும் முன் ஒவ்வொரு சட்டையும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசை கொஞ்சம் சாய்வாக இருக்கும். கையின் நிழல் துணிமேல் விழாதபடி மேலே இரண்டு குழல்விளக்குகள். சட்டையை விரித்ததும் முதலில் காலர். பிறகு இடது தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு, அப்படியே வலது பக்கமாக ஏறி மறுபடியும் காலர். கடிகார முள்ளைப் போல ஒரு சுற்று. பிறகு உள்பக்கத்தைப் புரட்டிப்போட்டு இன்னொரு சுற்று.

தையல் விட்டுப்போன இடம், துணி சுருங்கிய இடம், எண்ணெய் பட்ட இடம் எதுவானாலும் அங்கே அம்புக்குறி போன்ற சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று விழும். சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். குறையில்லாத சட்டை வலது பக்க அடுக்கில் போய் உட்காரும். அதற்கு ஸ்டிக்கரும் கிடையாது, ஒரு வார்த்தையும் கிடையாது.

மேசைக்கு மேலே ஒரு கொக்கியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சட்டை எப்போதும் தொங்கும். அதுதான் சாம்பிள். ஆர்டர் கொடுத்தவர்களும் ஆலைக்காரர்களும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு முத்திரை போட்ட சட்டை. சந்தேகம் வந்தால் அதை இறக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்த்து முடிந்ததும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல உறையை மாட்டித் திரும்பத் தொங்கவிடுவார்.

பத்தொன்பது வயதில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். யாரும் அவருக்குச் செக்கிங் கற்றுக்கொடுக்கவில்லை. வெட்டிக்கொண்டே பார்த்தார், பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. பழகிய கண் வேலை முடிந்ததும் வேலையை விடுவதில்லை என்பதுதான் சிக்கல். பேருந்தில் முன்னால் நிற்பவரின் முதுகுத் தையல் கோணலாக இருந்தால் இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு வருவார். ஸ்டிக்கர்களும் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். கைமடிப்பிலோ கூந்தலிலோ ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாள் தலையணையில் கிடக்கும்.

“தலகாணியிலயும் டேமேஜ் கண்டுபிடிச்சுட்டியா?” என்பார் அவர் கணவர்.

கணவர் லாரி டிரைவர். தூர ஓட்டம். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வீட்டில் தொடர்ந்து பத்து நாள் இருந்ததில்லை. வருவார், குளிப்பார், தூங்குவார், வண்டிச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார், கிளம்புவார். இருவருக்கும் அது பழகிப்போன தாளம். போன மழைக்காலத்தில் சரக்கின் மேல் தார்ப்பாய் கட்ட ஏறியவர் கால் வழுக்கிக் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்து, தையல் போட்டு, ஒரு வாக்கரையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வண்டி முதலாளி பழங்களோடு வந்து, “ரெஸ்ட் எடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த ‘அப்புறம்’ வரப்போவதில்லை என்று டிரைவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதன்பின் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். வைத்தியம் பார்க்க வந்த பிசியோ பெண் முதலில் கெஞ்சினாள், பிறகு அதட்டினாள்.

“படுத்தே கெடந்தீங்கன்னா அந்தக் காலுக்கு நடக்கறதே மறந்துடும் சார். ஹாலுக்காவது நடந்து வந்து நாற்காலியில உக்காருங்க. தினமும். இல்லன்னா நான் வந்து ஒண்ணும் பிரயோஜனம் இல்ல.”

“ஹால்ல என்ன இருக்கு?” என்றார் டிரைவர்.

அவரை ஹாலுக்கு வரவழைத்தது ஒரு ஜப்பானிய அனிமே. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது டிவியில் என்னவெல்லாமோ இணைத்துவிட்டுப் போயிருந்தாள். பெட்டிப் பெட்டியாகப் படங்கள் வரும். செக்கரம்மா டிவியை அணைக்க மறந்துபோன ஒரு நாள், அவற்றில் ஒன்றில் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று பனிமலை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறைக்குப் போகும் வழியில் டிரைவர் அதைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று எபிசோட் முடிந்துதான் எழுந்தார். தண்ணீர் குடிக்க மறந்துபோயிற்று.

தொடரின் பெயர் ‘வெண்சாலை’. தமிழில் பேசவைத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பனியால் துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உப்பும் மருந்தும் கொண்டுபோகும் ஒரு லாரி. ஓட்டுபவனைக் ‘கரடி’ என்று கூப்பிடுவார்கள், ஆளும் அப்படித்தான். கூடவே ‘திருகாணி’ என்கிற மெக்கானிக் பெண். அவர்களை மறித்துக்கொண்டே இருக்கும் வெள்ளைக் கையுறை போட்ட செக்போஸ்ட் அதிகாரி ஒருவன்.

“என்னங்க, இந்த வயசுல கார்ட்டூனா?” என்று முதல் நாள் மாலை வேலையிலிருந்து வந்த செக்கரம்மா கேட்டார்.

“கார்ட்டூன் இல்ல. அனிமே. தெரியலன்னா கேட்டுக்க.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“கார்ட்டூன்ல விழுந்தா உடனே எழுந்துடுவான். இதுல வலிக்கும்.”

செக்கரம்மா பையைக்கூட இறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடரைப் பார்க்க அல்ல. வாரக்கணக்கில் சுவரைப் பார்த்திருந்த மனிதர் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்ததைப் பார்க்க. அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. செக்கரம்மா வீடு வரும் நேரத்துக்கு வாக்கரின் சத்தம் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வரும். தேநீர் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு எபிசோட். இத்தனை வருடக் குடித்தனத்தில் இப்படித் தொடர்ந்து மாலைகளைச் சேர்ந்து கழித்ததில்லை. என்ன பேசுவதென்று தெரியாத அந்த நேரத்தைத் தொடர் நிரப்பிவிட்டது.

செக்கரம்மாவும் தன் வழியில் பார்க்கத் தொடங்கினார். காலரிலிருந்து.

“ஏங்க, இவ்வளவு பனி கொட்டுது. எல்லாரும் கழுத்து வரைக்கும் மூடியிருக்காங்க. இந்தத் திருகாணிக்கு மட்டும் ஏன் முழங்கால் தெரியுது?”

டிரைவர் சிரித்தார். “அவளுக்குக் குளிராது.”

“அந்த அதிகாரி கோட்டுல போன காட்சியில பட்டன் இடது பக்கம் இருந்துச்சு. இப்ப வலது பக்கம்.”

“அவசரத்துல திருப்பிப் போட்டிருப்பான்.”

“போன எபிசோட்ல என்ன நடந்துச்சுன்னு காட்டியே கால்வாசி நேரத்தை ஓட்டிடறாங்க. பழைய துணியை வெட்டிப் புதுசுல ஒட்டுப்போட்ட மாதிரி. அப்புறம் அழுதா கண்ணீர் குழாய்ல வர்ற மாதிரி வருது. ரெண்டாவது சீசன்ல கரடிக்கு வேற ஆள் குரல் குடுத்திருக்காங்க, பாத்தீங்களா? சளி பிடிச்ச கரடி.”

எல்லாம் உண்மைதான். டிரைவருக்கும் அது தெரியும். முதல் சில வாரம் சிரித்தார், பதில் கொடுத்தார். பிறகு பதில் குறைந்தது. இரண்டாவது சீசனில் ஒரு பந்தயம் வந்தது. எங்கிருந்தோ இருபது புது லாரிகள், இருபது புது ஆட்கள், ஒவ்வொருவனுக்கும் ஒரு சோகக் கதை. அதைச் செக்கரம்மா பிரித்து மேய்ந்தபோது டிரைவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

அந்தப் பந்தயத்துக்கு முன்பு, முதல் சீசன் முடியும் இடத்தில், பனிச்சரிவில் சிக்கிக் கரடி ஒரு கையை இழந்திருந்தான், கியர் போடும் கையை. பந்தயத்தின் நடுவில் அவன் இரும்புக் கை பொருத்திக்கொண்டு வருகிறான். வந்து, எல்லோரையும் முந்துகிறான். டிரைவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

“இது சுத்தமா தப்பு,” என்றார் செக்கரம்மா. “கை போனவன் நாலே எபிசோட்ல வந்து முன்ன மாதிரியே ஓட்டறான். முன்னவிட நல்லா ஓட்டறான். எந்த ஊர்ல நடக்கும்? இதுல தையலே இல்ல, வெறும் பசை.”

டிரைவர் டிவியை அணைத்தார். வாக்கரைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

“எனக்குத் தெரியும் நடக்காதுன்னு,” என்றார். “நீ ஸ்டிக்கர் ஒட்டித்தான் தெரியணுமா?”

படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

செக்கரம்மா தான் சொன்னதைத் திரும்ப ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். கரடியைப் பற்றித்தான் சொன்னார். அது எங்கே போய் விழுந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் டிரைவர் எழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தொடரின் பேச்சை எடுத்தால், “போர் அடிச்சுப்போச்சு” என்றார். பிசியோ பெண் வந்து காலை மடக்கிப் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது செக்கரம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “நல்லா வந்துட்டிருந்தது மேடம். இப்ப மறுபடி இறுகுது. இதே மாதிரி இந்த மாசமும் போச்சுன்னா வாக்கரை விடவே முடியாது. முன்ன எப்படி எந்திரிச்சாரோ, அதையே பண்ணுங்க.”

முன்பு எப்படி எழுந்தார் என்று செக்கரம்மாவுக்குத் தெரியும். எது அதைக் கெடுத்தது என்றும் தெரியும்.

அன்று மாலை டிவியைப் போட்டுச் சத்தமாக வைத்தார். “அடடா, என்ன அருமையா இருக்கு!” என்று படுக்கையறைக்குக் கேட்கும்படி சொன்னார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “என்ன ஓடுது இப்ப?”

“பந்தயம்தான். ரொம்ப நல்லாருக்கு. அந்தப் புது ஆளுங்க எல்லாம் ரொம்ப நல்லா...”

“நடிக்காத. நீ நல்லாருக்குன்னு சொல்ற ஆளே இல்ல. உன் வாயில அந்த வார்த்தையே செட் ஆகல.”

செக்கரம்மா டிவியை அணைத்துவிட்டு இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் சொன்னது சரி. நல்லதைச் சொல்லத் தனக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் என்னவென்று யோசித்ததும் இல்லை.

காரணம் மறுநாள் ஆலையில் தானாக வந்து நின்றது. காலர் பொருத்தும் மெஷினில் உட்காரும் பெண் ஒருத்தி. கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. வேறு ஆலைக்கு மாறிப் போகிறாள், அன்று கடைசி நாள். சாப்பாட்டு இடைவேளையில் செக்கரம்மாவின் மேசைக்கு வந்து சாய்ந்து நின்றாள்.

“போயிட்டு வரேன்க்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். போறதால கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க.”

“கேளு.”

“என் தையல் நல்லாருக்குமா, சுமாரா?”

செக்கரம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “என்னடி பேச்சு இது? இந்த லைன்ல உன் காலர் மாதிரி யார் காலர் இருக்கு? உன் பீஸ் வந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்.”

அந்தப் பெண் மேசையை விட்டு நிமிர்ந்தாள். “இதை ஒரு நாளாவது சொன்னீங்களாக்கா?”

“எதுக்குச் சொல்லணும்? உன் பீஸை நான் திருப்பி அனுப்பினதே அபூர்வம். எல்லாம் அந்த அடுக்குல போச்சே.”

“அடுக்கு உங்க பக்கம்க்கா. நான் உக்காந்திருக்கற எடத்துலேருந்து அது தெரியவே தெரியாது. எனக்கு வர்றது ஸ்டிக்கர் மட்டும்தான். எப்பவாவது ஒண்ணு வரும், அன்னைக்கெல்லாம் சோறு எறங்காது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் செக்கரம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள். செக்கரம்மா வலது பக்க அடுக்கைப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. ஆலைக்குள் வேறு எங்கே நின்று பார்த்தாலும் அது தெரியாது, தூணும் இஸ்திரி மேசையும் மறைத்துக்கொண்டிருந்தன. பிறகு தலையைத் தூக்கிக் கொக்கியில் தொங்கும் சாம்பிளைப் பார்த்தார். இடைவேளை முடிந்து மணி அடித்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே படுக்கையறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். டிரைவர் சுவர்ப்பக்கம் படுத்திருந்தார்.

“என்னங்க. கரடி சமையல்கட்டுல உக்காந்திருக்கற எபிசோட் ஞாபகம் இருக்கா?”

டிரைவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

“கை போனதுக்கு அடுத்தது. அந்த எபிசோட் முழுக்க அவன் வெளியவே வரமாட்டான். ஒத்தைக் கையால உருளைக்கிழங்கு உரிப்பான். அது உருண்டு உருண்டு கீழ விழும். எடுப்பான், மறுபடி உரிப்பான். யாரும் பக்கத்துல வந்து ஆறுதல் சொல்லமாட்டாங்க. பாட்டு இல்ல, பழசைக் காட்டல, குழாய்க் கண்ணீர் இல்ல. வெளிய லாரி கிளம்பற சத்தம் கேக்கும். திருகாணி ஓட்டிட்டுப் போறா. அவ மேட்டுல கியர் மாத்தறப்ப இவன் கால் மட்டும் மேசைக்கு அடியில தரையை அழுத்தும். இடது கால், கிளட்ச் மிதிக்கற கால். அதோட முடிச்சுடுவாங்க.”

“எனக்கு ஏன் கதை சொல்ற? நான் பாத்ததுதானே,” என்றார் டிரைவர் சுவரிடம்.

“அதைப் பாத்தப்ப நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல. நீ தூங்கிட்ட.”

“தூங்கலங்க. ஸ்டிக்கர் ஒட்ட எடமில்ல.”

டிரைவரின் தோள் லேசாக அசைந்தது. திரும்பவில்லை.

“எங்க மேசையில நல்ல பீஸுக்குப் பேச்சு கிடையாது. பேசாம அடுக்குல வெச்சுடுவேன். எல்லாருக்கும் அது புரியும்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது, அடுக்கு எனக்கு மட்டும்தான் தெரியுமாம்.” கட்டில் விரிப்பின் சுருக்கத்தைத் தடவிச் சரிசெய்தார். “அந்த எபிசோடைத்தான் நான் சாம்பிளா தொங்கவிட்டிருக்கேன். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொண்ணையும் அதுக்குப் பக்கத்துல வெச்சுத்தான் பாக்கறேன். அப்படி ஒண்ணு பண்ணத் தெரிஞ்சவனுங்க, பந்தயம்னு சொல்லி இரும்புக் கையை ஒட்டவெச்சு அனுப்பினா எனக்குக் கோவம் வராதா? மட்டமான துணியா இருந்தா நான் எதுக்குங்க இவ்வளவு நேரம் புரட்டிப் பாக்கப்போறேன்?”

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிர்ரென்றது. அதையும் கவனித்துவிட்டு, சொல்லாமல் விட்டார் செக்கரம்மா.

“கரடியைத்தான் சொன்னேன்,” என்றார் கடைசியாக. “உங்கள இல்ல. நீங்க எப்ப எந்திரிக்கணுமோ அப்ப எந்திரிங்க. நாலு எபிசோட்ல வேணாம்.”

எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். தேநீர்த்தூளைப் போடும்போது படுக்கையறையிலிருந்து குரல் வந்தது.

“அதுலயும் தப்பு இருக்கு.”

“எதுல?”

“உன் சாம்பிள்ல.”

செக்கரம்மா கரண்டியோடு வாசல்வரை வந்தார். “சும்மா சொல்லாதீங்க. கண்ணிமைக்காம பாத்திருக்கேன்.”

“நீ தையல் மெஷின் சத்தம் கேக்கற ஆளு, உனக்குத் தெரியாது. அவ மேடு ஏறறா. லோடு வண்டி. ஏத்தத்துல கியரைக் குறைச்சா இன்ஜின் சத்தம் ஏறணும். இவனுங்க எறங்கற சத்தத்தைப் போட்டிருக்கானுங்க. சமதரையில கியர் கூட்டறப்ப வர்ற சத்தம் அது.”

“இருக்காது.”

“இருக்காதா? இருக்காதா?” கட்டில் கிறீச்சிட்டது. “முப்பது வருஷம் அந்தச் சத்தத்துலதான்டி குடும்பம் நடத்தினேன். போடு டிவியை.”

வாக்கரின் ரப்பர்க் கால்கள் தரையில் பதிந்து பதிந்து வரும் சத்தத்தைச் செக்கரம்மா சமையலறை வாசலிலேயே நின்று கேட்டார். எதிரே போகவில்லை, கை கொடுக்கவும் இல்லை. அந்த எபிசோடில் யாரும் கொடுக்கவில்லை என்பது நினைவில் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் தேநீரோடு வந்தார்.

அந்தக் கட்டத்தை டிரைவர் ரிமோட்டால் தேடிப் பிடித்தார். உருளைக்கிழங்கு உருண்டது. வெளியே லாரி கிளம்பியது.

“இப்ப கேளு... இப்ப... பாத்தியா, எறங்குது!”

செக்கரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். “மறுபடி போடுங்க.” மறுபடி போட்டார். “ஆமாங்க,” என்றார் மனமில்லாமல். சாம்பிளிலேயே ஒரு தையல் விட்டிருந்தது தெரிந்தால் எந்தச் செக்கருக்கும் அப்படித்தான் இருக்கும். “இவ்வளவு நாள் தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சத்தம் காதுல விழுந்துச்சு, அன்னைக்குச் சொல்ல எங்க தோணுச்சு? அவன் காலைப் பாத்துட்டிருந்தேன்.” திரையில் கரடியின் கால் தரையை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றிருந்தது. “கால் சரியா இருக்கு. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

பிறகு டிரைவர் கையை நீட்டி, மனைவியின் தோளில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த சிவப்பு அம்பை நகத்தால் கிளப்பி எடுத்தார்.

“போய் ஒட்டு,” என்றார்.

“எங்க?”

“சத்தம் வர்ற எடத்துல.”

செக்கரம்மா டிவியின் கீழ் ஓரத்தில், ஸ்பீக்கர் துளைகளைப் பார்த்து அம்பு நிற்கும்படி ஒட்டினார். கோணலாக இருந்ததால் ஒருமுறை பிய்த்துத் திரும்ப ஒட்டினார். ரிமோட்டை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டார்:

“பந்தயம் இன்னும் எவ்வளவு இருக்கு?”

“நெறைய இருக்கு. ஒவ்வொருத்தனும் அழணும்ல.”

“சரி, போடறேன். நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துடுங்க. நான் தனியா இதைப் பாக்கமாட்டேன்.”